மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு சத்தியாக்கிரகம்

கொச்சிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் மட்டாஞ்சேரியைப் பாராதார் இலர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதற்கண் அழைத்துச் செல்லும் இடம் அதுவேயன்றோ? டச்சு அரண்மனையில் இராமாயண ஓவியங்களைக் கண்டு, யூதத் தெருவுக்கு நடந்து, தெருக்கோடியில் உள்ள யூதப் பள்ளியினுள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறோம். தரையிற் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைக் குனிந்து பார்க்கிறோம். கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்க்கிறோம். வெளியே வந்து ஏலமும் கிராம்பும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். நாமும் பலமுறை அவ்வாறே சென்று திரும்பியவர்களே. தொழுகைக் கூடத்துக்கு முன்னே ஒரு சிறு வாயிற்கூடம் உண்டு. அதனை எவரும் நின்று பார்ப்பதில்லை. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதே காரணம். ஆயினும் அவ்வாயிற்கூடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நம் மலரின் அன்பர்களுக்கு அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

கேரள நாட்டு யூதர்களின் தொன்மை யாவரும் அறிந்தது. ஏறத்தாழ கி. பி. 1000 ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தருளி, யோசேப்பு ரப்பான் என்னும் யூதப் பெருமகனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் 72 உரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். பகல்விளக்கு, பாவாடை விரிப்பு, பல்லக்கு, குடை, வடுகப் பறை, காகளம், தோரணம் என அவ்வுரிமைகள் விரியும். செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து. அதன் மொழியோ, தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத காலத்து மொழி. தமிழ் கற்ற எவரும் அதிற் பல சொற்களைப் பொருள் விளங்கப் படித்துவிடலாம். கொடுங்கல்லூரில் வாழ்ந்த அம்மக்கள், 1341 இல் பெரியாற்று வெள்ளத்தால் பழந்துறை தூர்ந்து கொச்சித் துறை திறந்தபின், சிறிது சிறிதாக இங்கே பெயர்ந்தனர் என்பர். 16 ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் கொடுமைக்கு ஆற்றாது எஞ்சியோரும் கொச்சி மன்னரைத் தஞ்சம் அடைந்தனர். மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். 1568 இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோவிலும் யூதப் பள்ளியும் அருகருகே நிற்பதைக் காண்போர் இம்மன்னர்களின் பெருந்தன்மையைப் போற்றாமல் இரார். நாமும் போற்றுகிறோம். ஆனால் கதை அதனோடு முடியவில்லை.

'பரதேசி' என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மவர் முகம் சுளிப்பர். நம் வழக்கில் அது வசைச்சொல்லாய்த் தேய்ந்துவிட்டது. இங்கே அதன் பழம்பொருளே வழங்குகிறது: வேற்று நாட்டிலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டவர், அலெப்போவிலிருந்தும் பாக்தாதிலிருந்தும் வணிகம் நாடி வந்தவர் ஆகியோரே பரதேசி யூதர். பன்னூறு ஆண்டுகளாக இங்கேயே இருந்த பழங்குடியினர் மலபார் யூதர். இரு சாராரும் பேசியது மலையாளம், ஓதியது எபிரேயம், கைக்கொண்ட மறை ஒன்றே. மட்டாஞ்சேரியின் அந்த ஒற்றைத் தெருவில் மட்டும் மூன்று பள்ளிகள் இருந்தன: தெருக்கோடியில் பரதேசிப் பள்ளி, இடையில் தெக்கும்பாகம், மறுகோடியில் கடவும்பாகம். பின்னிரண்டும் மலபார் யூதருடையவை. எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களிலும் அவர்கட்குப் பள்ளிகள் இருந்தன. பரதேசியர் தம்மை 'வெள்ளை யூதர்' என்றும் மற்றவரைக் 'கறுப்பு யூதர்' என்றும் வேறுபடுத்தினர். கொள்வினை கொடுப்பினை கிடையாது.

இப்பிரிவினை எவ்வாறு தோன்றியது? பரதேசிப் பள்ளி எழுவதற்கு முன்னரே, 1520 ஐ ஒட்டி, கொச்சியிலிருந்து எகிப்து நாட்டுப் பேரறிஞர் தாவீது இப்னு சிம்ரா என்பார்க்கு ஒரு வினா சென்றது. இங்கே ஏறத்தாழ 900 குடும்பங்கள் உள்ளன, அவற்றுள் 100 குடும்பத்தார் தாமே தூய யூதர் எனக் கூறி, மற்றையோரை அடிமை வழியினர் என இகழ்ந்து மணவுறவு மறுக்கின்றனர், இது முறையா? வினாவின் பொருள் இதுவே. இகழப்பட்டோர் செல்வரும் அரசரிடத்துச் செல்வாக்கு உடையவருமாய் இருந்தனர் என்பது கருதற்பாலது. மறைநெறிப்படி நீராடித் தூய்மைச் சடங்கு செய்துகொண்டால் அவர்கள் முழு யூதரே, அவரோடு மணவுறவு கொள்ளலாம் என்று அறிஞர் விடையிறுத்தார். பின்னரும் அதே வினா சென்றது. அதே விடை வந்தது. 19 ஆம் நூற்றாண்டில் ஜெருசலத்துத் தலைமைக் குருவும் அவ்வாறே தீர்ப்பளித்தார். மூன்று நூற்றாண்டு இடைவெளியில் மறையறிஞர் ஒரே தீர்ப்பையே கூறினர். யூதத் தெருவின் ஒரு கோடியில் இருந்தோர் அதனை ஒருபோதும் ஏற்கவில்லை. மறைநூல் ஒருபுறம், வழக்கம் ஒருபுறம் என்பது நம் நாட்டில் புதிதன்று.

அவ்வழக்கத்துக்கு இரு ஊற்றுகள் இருந்தன என நாம் கருதுகிறோம். ஒன்று இந்த மண்ணின் சாதிமுறை. எத்தனை முழம் தள்ளி நிற்பது, எத்தெருவில் நடப்பது என்றெல்லாம் வகுத்துக் கொண்டிருந்த நாட்டில் வந்து குடியேறியோர், தமக்குக் கீழே ஒருவரை வைத்துக்கொண்டாலன்றித் தம் உயர்வு விளங்காது என்பதை விரைவிற் கற்றுக்கொண்டனர். மற்றொன்று ஐரோப்பியர் கொணர்ந்த நிறக்கணக்கு. 1686 இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரேரா தெ பாய்வா என்னும் யூதர் கொச்சிக்கு வந்து, வெள்ளை யூதர் தந்த செய்தியை நம்பி, மலபார் யூதரைத் தாழ்த்தி எழுதினார். அவ்வறிக்கை மறு ஆண்டே அச்சேறியது. அதன்பின் வந்த பாதிரிமாரும் பயணிகளும் 'வெள்ளை', 'கறுப்பு' என்ற இரு பெயர்களையும் ஏடுதோறும் எழுதி நிலைநாட்டினர். தோலைப் பார்த்துச் சொன்ன பெயர்கள் அல்ல அவை. வெள்ளை யூதரிலும் மாநிறத்தார் உண்டு. கறுப்பு யூதரிலும் சிவந்தவர் உண்டு. இருந்தும் எழுதப்பட்ட பெயர் எழுதப்பட்டதாகவே நின்றது.

இவ்விரு சாராருக்கும் இடையே மூன்றாவது ஒரு கூட்டம் இருந்தது. எபிரேய மொழியில் 'மெசுக்ராரிம்' என்பர். விடுதலை பெற்றோர் என்று பொருள். பரதேசி வீடுகளில் அடிமைகளாய் இருந்து, யூத மறையைத் தழுவி, விடுதலை அடைந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே இவர்கள். இவருட் சிலர் அவ்வீட்டுத் தலைவர்களுக்கே பிறந்தவர். மலபார் யூதருக்காவது தமக்கெனப் பள்ளி இருந்தது, இருக்கை இருந்தது. இவர்கட்கோ பரதேசிப் பள்ளியே பள்ளி. ஆனால் அதனுள்ளே பலகையில் அமர உரிமை இல்லை. வாயிற்கூடத்தில் தரையில் அமர வேண்டும். தோரா என்னும் திருமறைச் சுருளை ஓத அவரை அழைப்பதில்லை. வெள்ளை யூதரோடு மணவுறவு இல்லை. இறந்தாலும் அவரோடு ஒரே இடுகாட்டில் இடமில்லை. பள்ளியின் பெயர் சொல்லி வாழ்ந்த மக்களை அப்பள்ளியின் வாசலிலேயே நிறுத்திவைத்த கொடுமை இது.

அவர்கள் வாளா இருந்தாரல்லர். 19 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவருள் ஒரு பகுதியார் பிரிந்து கோட்டைக் கொச்சிக்குச் சென்று, ஒரு வீட்டில் தனியே தொழுகை நடத்தினர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. சிறிது தூரத்தில் உள்ள கோட்டைக் கொச்சியோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நடந்து போனால் மற்றோர் அரசின் எல்லைக்குள் புகுந்துவிடலாம். மன்னர் ஆட்சியில் கிடையாத நீதி கும்பினியார் எல்லையிற் கிடைக்கும் என்று நம்பினர் போலும். அம்முயற்சி நீடிக்கவில்லை. தலைவர் மறைந்தபின் திரும்பி வந்தோர் மீண்டும் அதே வாயிற்கூடத்தில் அமர்ந்தனர்.

அக்குலத்தில் 1882 ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். (பெயரைக் கேட்டு நம் சேலம் மாநகரை நினைத்துவிட வேண்டா. அமைதி என்னும் பொருள்தரும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.) தாயாரின் வளர்ப்பில் அதே தெருவில் வளர்ந்தார். ஓய்வுநாள்தோறும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வர். உடன் விளையாடும் சிறுவன் உள்ளே சென்று தன் தந்தையின் அருகே பலகையில் அமர்வான். இவரோ வாயிற்கூடத்துத் தரையில். வேற்றூரில், வேற்று மதத்தாரிடையே நேர்ந்த இழிவாயின் பொறுத்துக்கொள்ளலாம். தன் தெருவில், தன் இறைவன் திருமுன்னர், தன் மொழி பேசுவாராலேயே நேர்ந்தது. இளம்பருவத்தில் இவ்வாறு தரையைக் காட்டப்பெற்ற பிள்ளைகள் பெரும்பாலும் அத்தரைக்கே பழகிவிடுவர். பெற்றோரும் "நமக்கு விதித்தது இது" என்று சொல்லிப் பழக்கிவிடுவர். இவர் பழகவில்லை.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிற் படித்து, பின் சென்னைக்குச் சென்று பி. ஏ. பட்டம் பெற்றார். அவர் குலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. சென்னையிலேயே சட்டமும் பயின்று, கொச்சி யூதருள் முதல் வழக்கறிஞர் என்னும் பெயரோடு திரும்பினார். எர்ணாகுளம் தலைமை நீதிமன்றத்தில் வழக்காடினார். நீதிமன்றத்தில் கனம் நீதிபதிகளின் முன் நின்று பேசும் வழக்கறிஞர், ஓய்வுநாளில் தம் பள்ளியின் வாயிலில் தரையில் அமர வேண்டியவராகவே இருந்தார்.

இக்காலத்தில் கொச்சிச் சீமையைச் சுற்றி நடந்தவற்றை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1913 இல் புலையர் குல மக்கள் எர்ணாகுளத்தில் ஒரு கூட்டம் கூட்ட எண்ணினர். நகரின் தரையில் கூட அவர்கட்கு இடமில்லை. பண்டிதர் கே. பி. கருப்பன் அவர்களின் முயற்சியால், காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, தண்ணீரின் மீதே மாநாடு நடத்தினர். தரை உங்களுடையதாயின் தண்ணீர் யாருடையது என்று கேட்டது போல் இருந்தது அது. 1924 மார்ச் 30 ஆம் நாள், தெற்கே திருவிதாங்கூர் எல்லையில் வைக்கம் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தலைவர்கள் சிறை சென்றபின் ஈரோட்டிலிருந்து ஈ. வெ. இராமசாமி அவர்கள் வந்து தாங்கி நடத்தி, இருமுறை சிறை புகுந்தது தமிழர் யாவரும் அறிந்த செய்தி.

அதே காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் ஒன்று நிகழ்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவிக் குருகுலத்தை வ. வே. சு. ஐயர் அவர்கள் நடத்தி வந்தார். தேசபக்தியை ஊட்டவென்றே, காங்கிரசின் பொருளுதவியும் பெற்று நடந்த கல்விச்சாலை. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. பந்தி இரண்டான செய்தி வெளியே பரவிய உடன் மாகாணமே கொந்தளித்தது. ஐயர் அவர்கள் 1925 ஜூன் திங்களில் பாபநாசத்து அருவியில் மகளைக் காக்கப் புகுந்து உயிர் நீத்தார். பூசலோ அவரோடு அடங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ. வெ. இராமசாமி அவர்கள் வெளியேறினார். அதற்கு வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டது நேர்க்காரணம் எனினும், குருகுலத்துப் பந்தி மூட்டிய தீ அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் அரசியல் அதன்பின் எத்திசையிற் சென்றது என்பதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. குழந்தைகள் எங்கே அமர்ந்து உண்டனர் என்பதிலிருந்து ஒரு மாகாணத்தின் வரலாறே திரும்பியது என்பதை மட்டும் குறிக்கிறோம்.

அதே 1925 இல் கொச்சி அரசில் சட்டசபை தொடங்கிற்று. அதில் ஆபிரகாம் சேலம் அவர்கள் உறுப்பினரானார். காயல் மாநாட்டை நடத்திய பண்டிதர் கருப்பன் அவர்களும் அவ்வாண்டே நியமன உறுப்பினராக வந்தார். பள்ளியில் பலகை மறுக்கப்பட்டவரும், மக்களுக்குத் தரை மறுக்கப்பட்டதைக் கண்டு வள்ளம் கட்டியவரும் ஒரே அவையில் அமர்ந்தனர். சேலம் அவர்கள் 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் அவ்வவையில் இருந்தார். தொழிற்சங்க இயக்கம் கொச்சியில் தளிர்விட்ட நாளிலேயே தொழிலாளரின் பக்கம் நின்றார். எர்ணாகுளத்தில் ஒரு சிறு மேட்டின் மீது ஏறி நின்று கேட்பாரைக் கூட்டிப் பேசுவது அவர் வழக்கம். மக்கள் அம்மேட்டுக்குச் 'சேலம் குன்னு' என்றே பெயரிட்டுவிட்டனர். 1929 டிசம்பரில் லாகூரில், முழு விடுதலையே குறிக்கோள் என்று முழங்கிய காங்கிரஸ் மகாசபைக்கும் சென்று வந்தார்.

வெளியே இவ்வளவு செய்தவர் தம் தெருவை மறக்கவில்லை என்பதே நாம் அவரிடத்து வியப்பது. ஊருக்கு உழைத்த பெரியோர் பலர் தம் வீட்டு வாசலில் உள்ள அநீதியைக் காணாததுபோல் நடந்துவிடுவர். அங்கேதான் முகங்கொடுத்துப் பேச வேண்டியவர்கள் அண்டை வீட்டார். சேலம் அவர்கள் காந்தியடிகளின் வழியையே யூதப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். சில காலம் பள்ளிக்குச் செல்லாது விலகி நின்றார். பின்னர்த் திரும்பி வந்து, தம் மைந்தரோடு அமைதியாகவும் விடாப்பிடியாகவும் உரிமை கேட்டார். வெறுப்பைக் காட்டவில்லை, வேறு பள்ளி கட்டிக்கொண்டு போகவும் இல்லை. வழக்கு மன்றத்தில் வல்லவர் எனினும் இதனை வழக்காக்காமல் நெஞ்சோடு நெஞ்சாகப் பேசித் தீர்க்கவே விழைந்தார். இதில் இன்னும் ஒரு செய்தி. 1929 இல் அப்பள்ளியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலை அவரே எழுதி வெளியிட்டார். அணையா ஒளி என்பது அதன் தலைப்பின் கருத்து. எந்தப் பள்ளி அவரைத் தரையில் அமர்த்தியதோ அதன் பெருமையை உலகுக்கு எடுத்துரைத்தவரும் அவரே. பகைவனாக வந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டிருப்பர். உரியவனாக வந்து நின்றவரை என்ன செய்வது என்று முதியோர்க்கு விளங்கவில்லை.

வழக்கம் ஒரு நாளில் உடையவில்லை. சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 1937 இல் அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இங்கே வந்து ஆராய்ந்தபொழுது பழைய தடைகள் பல தளர்ந்திருந்தன. தரையிலிருந்தோர் பின்வரிசைப் பலகைக்கு வந்திருந்தனர். மறையோதும் உரிமையும் காலப்போக்கில் கிட்டியது. அருகே திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகியிருந்தது. கொச்சி அரசின் கோவில்களோ 1947 வரை திறக்கவில்லை. அவ்வகையில் யூதத் தெரு கோவில்களை முந்திக்கொண்டது எனலாம். முந்தியது சில அடிகளே எனினும்.

மணவுறவு மட்டும் கடைசிவரை நின்ற தடை. 1950 இல் சேலம் அவர்களின் மைந்தர் ஒருவர்க்கும் வெள்ளை யூதக் குடும்பத்து நங்கை ஒருத்திக்கும் மணம் முடிவாயிற்று. இந்தியா விடுதலை பெற்று, தீண்டாமையைச் சட்டத்தால் ஒழித்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. ஆயினும் மட்டாஞ்சேரியில் மணம் நடத்த வழி பிறக்கவில்லை. மணமக்கள் பம்பாய்க்குச் சென்று மணம் புரிந்துகொள்ள நேர்ந்தது. தம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளியை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்ற அம்மணமக்களின் மனநிலையை நம் தாய்மார்கள் எளிதில் உணர்வர். ஊர்விட்டு ஊர் சென்று திருமணம் செய்துகொண்ட கதைகள் நம் குடும்பங்களிலும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

இதற்கிடையே வேறொரு காற்றும் வீசத் தொடங்கியிருந்தது. 1933 இல் பாலஸ்தீனம் சென்று வந்த சேலம் அவர்களுக்கு யூதர் தாயகக் கொள்கையிலும் பற்று வளர்ந்தது. 1948 இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், மலபார் யூதர் அங்குச் செல்லத் துடித்தனர். சமய ஆர்வமே முதன்மையான காரணம் என்பதில் ஐயமில்லை. இருந்தும், பிறந்த மண்ணில் 'கறுப்பர்' எனப்பட்டோர்க்குப் புதுமண் தந்த நம்பிக்கையையும் நாம் கணக்கில் எடுக்கவேண்டும். 1953 இல் சேலம் அவர்களே இஸ்ரேலுக்குச் சென்று அவர்கட்காகப் பேசினார். 1950 களின் நடுவில் மலபார் யூதருள் பெரும்பாலோர், ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகப் புறப்பட்டுவிட்டனர். நெகெவ் பாலைநிலத்து நெவாதிம் முதலிய சிற்றூர்களில் குடியேறி, மண்ணைப் பண்படுத்தி, கோழி வளர்த்தும் பூச்செடி பயிரிட்டும் வாழத் தலைப்பட்டனர். நம்மைப்போன்ற குடிபெயர்ந்தோர்க்கு அந்தத் தொடக்க ஆண்டுகளின் இடர்ப்பாட்டை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எல்லாரையும் அனுப்பிவைத்த சேலம் அவர்கள் தாம் போகவில்லை. மட்டாஞ்சேரித் தெருவிலேயே இருந்து 1967 இல் மறைந்தார். ஏன் போகவில்லை என்று கேட்பார்க்கு நம்மால் ஊகமே கூற இயலும். அரை நூற்றாண்டு போராடிப் பெற்ற பலகையை விட்டுப் போக மனம் வரவில்லை போலும்! மறு ஆண்டு, 1968 டிசம்பரில், பரதேசிப் பள்ளியின் 400 ஆம் ஆண்டு விழா பெருஞ்சிறப்புடன் நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி அவர்கள் நேரில் வந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அவ்விழாவைக் காண அவர் இல்லை.

பின்னர் நிகழ்ந்ததை விரைந்து சொல்லிவிடலாம். தெக்கும்பாகம் பள்ளி மக்கள் போனபின் இடிக்கப்பட்டது. பரதேசியரும் இஸ்ரேலுக்கும் பிற நாடுகட்கும் ஒவ்வொருவராய்ச் சென்றனர். யூத மறைப்படி கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும். ஒரு காலத்தில் பலகையில் இடம் இல்லை என்று மனிதரைத் தரைக்கு அனுப்பிய பள்ளியில், அந்தப் பதின்மர் சேர்வதே அரிதாயிற்று. வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது. குடிபெயர்வே பெருங்காரணம், அதனை மறுக்கவில்லை. ஆனால் சில நூறு பேர்கூட இல்லாத ஒரு கூட்டம், தெருவின் மறுகோடியில் இருந்த தன் மறையினரோடு மணவுறவை மறுத்து நூற்றாண்டுகள் கழித்தபின் எத்தனை நாள் தழைக்க இயலும்? இன்று அவருள் எஞ்சியோரை எண்ண ஒரு கையின் விரல்களே மிகுதி. 'அடிமை வழியினர்' எனப்பட்டோரின் மக்களும் பேரரும் இஸ்ரேலில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். கொச்சி யூதர் என்ற பெயர் இனி அவர்கள் வழியாகவே வழங்கும்.

யோசேப்பு ரப்பானின் செப்பேடு பரதேசிப் பள்ளியிலேயே காக்கப்பட்டு வந்தது. அதன் படி ஒன்றை 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். செய்தித்தாளில் அப்படத்தைக் கண்டபொழுது நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அச்செப்பேடு, பரதேசியர் வந்து சேர்வதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னே, இந்நாட்டில் இருந்த பழங்குடி யூதர் தலைவனுக்குக் கொடுக்கப்பட்டது. அதன் உரிமை யாருக்கு என்று இரு சாராரும் நெடுங்காலம் வாதிட்டதுண்டு. ஏட்டை வைத்திருந்தவர் ஒருவர். அதிற் சொல்லிய பகல்விளக்கும் குடையும் தம் முன்னோருடையவை என்று உரிமை பாராட்டியோர் மற்றொருவர்.

கடவும்பாகம் பள்ளியின் கதையும் கேளுங்கள். அதன் செதுக்கு வேலைப்பாடுடைய மரவிதானமும் உள்ளமைப்பும் 1991 இல் வாங்கப்பட்டு, கடல் கடந்து சென்று, ஜெருசலத்தில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தப்பட்டுள்ளன. கேரளத் தச்சரின் கைத்திறனை இன்று அங்கே உலக மக்கள் காண்கின்றனர். மட்டாஞ்சேரியில் எஞ்சி நின்ற வெறுங்கட்டடமோ சரக்குக் கிடங்காய்க் கிடந்து, 2019 செப்டம்பர் மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

நம் காலனியிலிருந்து அடுத்த முறை விருந்தினரை அழைத்துக்கொண்டு பரதேசிப் பள்ளிக்குச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். சீன ஓடுகள் அடுத்த கூடத்தில் உள்ளன. அவை எங்கும் போய்விடா. அதற்கு முன் வாயிற்கூடத்தில் சற்றே நின்று, உடன் வரும் சிறுவர் சிறுமியரை அங்கே தரையில் ஒரு நிமிடம் அமரச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் உள்ளே இருக்கும் பலகைகள் எவ்வளவு தொலைவு என்று அவர்களே சொல்வார்கள்.